இதயப் பரிசோதனை மருந்துக்கு ஒரு ஹக்கீமின் பெயர்: யார் இந்த அஜ்மல் கான்?

பார்க்க ஆரோக்கியமா இருக்கிற இளைஞர். சுகர் இல்லை, பிபி இல்லை. ஆனா ராத்திரி தூக்கத்திலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போய்விடுகிறது. குடும்பத்தில் ஒருவர் இப்படி இறந்தால், மற்றவர்களுக்கும் அந்த ஆபத்து இருக்கிறதா என்று டாக்டர்கள் தேடுவார்கள். அப்போது சந்தேகப்படும் நோய்களில் ஒன்று, 1992-ல் மருத்துவ உலகுக்குத் தெரியவந்த ப்ருகாடா சிண்ட்ரோம்.

சாதாரண இசிஜியில் இது பல நேரம் சிக்காது. அதனால் ஐரோப்பாவின் பல மருத்துவமனைகளில் ஒரு மருந்தை நரம்பு வழியாக மெதுவாகச் செலுத்தி, இசிஜியில் மாற்றம் வருகிறதா என்று பார்க்கிறார்கள். அந்த மருந்தின் பெயர் அஜ்மலின்.

இது லத்தீன் பெயரோ கிரேக்கப் பெயரோ இல்லை. பழைய டெல்லியில் நாடி பிடித்து வைத்தியம் பார்த்த ஒரு யுனானி மருத்துவரின் பெயர். ஹக்கீம் அஜ்மல் கான்.

நாட்டு வைத்தியமும் இங்கிலீஷ் மருத்துவமும் ஒன்றாகச் சேர முடியுமா? இன்றும் டிவி விவாதங்களில் சூடு பறக்கும் இந்தக் கேள்வியை, நூறு வருஷத்துக்கு முன்பே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் அவர். அவர் என்ன செய்தார், எது பலித்தது, எது பலிக்கவில்லை? வாங்க, பார்க்கலாம்.

அரண்மனை வைத்தியர் குடும்பம்

அஜ்மல் கான் 1868 பிப்ரவரி 11-ல் டெல்லியில் பிறந்தார். குடும்பத் தொழிலே வைத்தியம்தான். முன்னோர்கள் முகலாய அரசர்களுக்கு மருத்துவம் பார்த்தவர்கள். பல்லிமாரான் பகுதியில் இருந்த அவர்களது வீட்டின் பெயர் ஷரீஃப் மன்சில். முன்னோர்களில் புகழ்பெற்ற ஹக்கீம் ஷரீஃப் கானின் பெயரைத் தாங்கிய வீடு அது.

யுனானி என்றால் என்ன? யுனான் என்பது கிரேக்கத்தைக் குறிக்கும் சொல். பழைய கிரேக்க மருத்துவத்தை அரபு, பாரசீக அறிஞர்கள் வளர்த்தெடுத்தார்கள். அது இந்தியாவுக்கு வந்து, இங்கிருந்த மூலிகைகளையும் சேர்த்துக்கொண்டது. ஆக, யுனானியே ஒரு கலப்பில் வளர்ந்த மருத்துவம்தான். அஜ்மல் கானின் பிற்கால முடிவுகளைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

சின்ன வயதிலேயே குர்ஆனை மனப்பாடம் செய்தவர், பிறகு குடும்பப் பெரியவர்களிடமே வைத்தியம் கற்றார். 1892-ல் ராம்பூர் நவாபின் தலைமை மருத்துவராகச் சேர்ந்தார். ஏறக்குறைய பத்து வருஷம் அங்கே இருந்தார். சமஸ்தான வேலை, நல்ல வருமானம், பெரிய நூலகம். அப்படியே வாழ்க்கை நிம்மதியாகப் போயிருக்கும்.

ஆனா டெல்லியில் வேறு ஒரு பொறுப்பு காத்திருந்தது.

அண்ணன்கள் விட்டுப்போன பள்ளி

மூத்த அண்ணன் ஹக்கீம் அப்துல் மஜீத் கான் 1889-ல் டெல்லியில் மதரஸா திப்பியா என்ற மருத்துவப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். அதுவரை வைத்தியம் என்பது அப்பாவிடமிருந்து மகனுக்கு, குருவிடமிருந்து சீடனுக்கு என்று போய்க்கொண்டிருந்த ரகசியம். அதைப் பாடத்திட்டம், வகுப்பு, தேர்வு என்று மாற்றியதே அன்றைக்குப் பெரிய விஷயம்.

மூத்த அண்ணன் 1901-ல் இறந்தார். அடுத்த சில வருஷங்களில் இரண்டாவது அண்ணனும் போய்விட்டார். பள்ளியின் பாரம் கடைசித் தம்பி அஜ்மல் கானின் தலையில் விழுந்தது.

அவர் செய்த காரியங்களில் மூன்று கவனிக்க வேண்டியவை.

ஒன்று, ஹிந்துஸ்தானி தவாகானா. தரமான மருந்துகளைத் தயாரித்து விற்கும் நிலையம். யுனானி மருந்துகளோடு ஆயுர்வேத மருந்துகளும் இங்கே தயாராகின. இதன் வருமானம் கல்விப் பணிக்குப் போனது.

இரண்டு, பெண்களுக்கான பள்ளி. அன்றைக்குப் பிரசவம் என்றாலே மருத்துவச்சிகள்தான். திரைக்குப் பின்னால் இருந்த பெண்களை ஆண் மருத்துவர்கள் நெருங்கவே முடியாது. பிரசவத்தில் தாயும் சேயும் சாவது சாதாரணமாக இருந்தது. மருத்துவச்சிகளுக்கு முறையான பயிற்சி கொடுக்க 1909-ல் டெல்லியில் ஒரு பள்ளியைத் திறந்தார். பிரசவ சிகிச்சைக்கும் அங்கே ஏற்பாடு இருந்தது. மரபு மருத்துவர் ஒருவர், நவீனப் பயிற்சியைச் சேர்க்க வேண்டிய இடம் எது என்று சரியாகக் கணித்த தருணம் இது.

மூன்று, பாடத்திட்டம். மனித உடற்கூறு, அறுவை சிகிச்சை ஆகியவற்றில் யுனானியும் ஆயுர்வேதமும் பின்தங்கிவிட்டன என்பதை அவர் மறைக்கவில்லை. மேற்கத்திய மருத்துவத்திலிருந்து இவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். மருந்துகளில் நம்முடையதைக் காப்போம், நமக்குத் தெரியாததைக் கற்றுக்கொள்வோம் என்பதே அவரது நிலைப்பாடு.

எதிர்ப்பு இல்லாமலா? இருந்தது, அதுவும் சொந்த வட்டாரத்திலிருந்தே. லக்னோவின் புகழ்பெற்ற அஜீஸி குடும்பத்து ஹக்கீம்கள் யுனானியின் தூய்மை கெடக்கூடாது என்று கருதினார்கள். கலந்தால் கடைசியில் யுனானியே காணாமல் போய்விடும் என்பது அவர்கள் பயம். இந்தப் பயத்தை ஞாபகத்தில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

சட்டம் வந்தது, சிக்கலும் வந்தது

1910-களில் ஒவ்வொரு மாகாணமாக மருத்துவர் பதிவுச் சட்டங்கள் வந்தன. பம்பாயில் 1912, சென்னையில் 1914. மேற்கத்திய மருத்துவம் படித்தவர்கள் மட்டுமே பதிவேட்டில் இடம்பெறலாம். வைத்தியர்களும் ஹக்கீம்களும் வெளியே.

போலி டாக்டர்களைத் தடுக்கத்தானே பதிவேடு, அதில் என்ன தப்பு என்று தோன்றலாம். நோக்கத்தில் நியாயம் இருந்தது. ஆனா நாட்டின் பெரும்பாலான மக்கள் போய்ப் பார்த்தது வைத்தியர்களையும் ஹக்கீம்களையும்தான். அவர்களில் யார் படித்தவர், யார் போலி என்று பிரித்துப் பார்க்கச் சட்டத்தில் எந்த வழியும் இல்லை.

இதைவிட மோசமாக இன்னொன்று நடந்தது. பதிவு பெற்ற டாக்டர், பதிவு பெறாத மருத்துவர்களோடு சேர்ந்து வேலை செய்வதே தொழில் ஒழுங்குக்கு விரோதம் என்று பார்க்கப்பட்டது. ஆயுர்வேதக் கல்லூரியோடு தொடர்பு வைத்திருந்ததற்காக, பம்பாயில் ஒரு டாக்டரின் பெயர் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டது. இரண்டு மருத்துவமும் கை கோக்க நினைத்தாலும் சட்டம் குறுக்கே நின்றது.

இந்தச் சட்டங்கள் வரப்போகும் அறிகுறி தெரிந்தபோதே அஜ்மல் கான் களத்தில் இறங்கிவிட்டார். 1910-ல் உருவான அகில இந்திய ஆயுர்வேத, திப்பி மாநாட்டின் முக்கியத் தலைவர் அவர். அதுவரை ஹக்கீம்கள் தனி, வைத்தியர்கள் தனி. பெரும்பாலும் முஸ்லிம்கள் ஒரு பக்கம், இந்துக்கள் ஒரு பக்கம். இரண்டு தரப்பையும் ஒரே மேடையில் உட்கார வைத்தார்.

லண்டனில் கிடைத்த நண்பர்

1911-ல் அஜ்மல் கான் ஐரோப்பா போனார். லண்டன், பாரிஸ், பெர்லின் என்று சுற்றி மருத்துவமனைகளையும் நூலகங்களையும் பார்த்தார். தான் சேர்க்க நினைக்கும் மருத்துவம் அதன் சொந்த ஊரில் எப்படி நடக்கிறது என்று நேரில் பார்க்கும் ஆசை.

லண்டனில் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் இந்திய டாக்டர் ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் முக்தார் அகமது அன்சாரி. பிரிட்டனில் படித்து, அங்கேயே அறுவை சிகிச்சையில் பெயர் வாங்கியவர். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர் என்பது நமக்கு ஒரு கூடுதல் தகவல்.

நாடி பார்க்கும் ஹக்கீமும் கத்தி பிடிக்கும் சர்ஜனும் நண்பர்களானார்கள். அன்சாரி டெல்லிக்குத் திரும்பி வந்த பிறகு, அரசியலிலும் கல்விப் பணியிலும் இருவரும் கடைசிவரை கூட்டாளிகள். இரண்டு மருத்துவமும் பகையாக இருக்கத் தேவையில்லை என்பதற்கு டெல்லி மக்கள் கண்ணால் பார்த்த சாட்சி இந்த நட்பு.

அடிக்கல் வைத்தது வைஸ்ராய், திறந்தது காந்தி

பள்ளியைப் பெரிய கல்லூரியாக மாற்றும் வேலை தொடங்கியது. யுனானியும் ஆயுர்வேதமும் ஒரே வளாகத்தில். கூடவே உடற்கூறும் அறுவை சிகிச்சையும். இடம், டெல்லி கரோல் பாக். பணம் சமஸ்தான மன்னர்களிடமும் செல்வந்தர்களிடமும் திரட்டப்பட்டது.

1916 மார்ச் 29-ல் அடிக்கல் வைத்தவர் வைஸ்ராய் ஹார்டிங் பிரபு. அப்போது அஜ்மல் கான் ஆங்கில அரசோடு நல்ல உறவில்தான் இருந்தார். அரசு கொடுத்த ஹாஸிக்-உல்-முல்க் என்ற பட்டமும் அவரிடம் இருந்தது. அரசைப் பகைத்துக்கொண்டால் கல்லூரி எழும்பாது என்று அவருக்குத் தெரியும்.

ஆனா காலம் மாறியது. ஜாலியன்வாலா பாக் படுகொலை, கிலாஃபத் போராட்டம் என்று நாடே கொதித்தது. 1920-ல் அரசு கொடுத்த பட்டங்களைத் திருப்பிக் கொடுத்தார். பதிலுக்கு மக்கள் அவருக்கு மஸீஹ்-உல்-முல்க், அதாவது நாட்டையே குணமாக்குபவர் என்ற பட்டம் கொடுத்தார்கள். அதே வருஷம் ஜாமியா மில்லியா இஸ்லாமியா உருவானபோது அதன் முதல் வேந்தர் ஆனார். 1921-ல் அகமதாபாத் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்க வேண்டிய சி.ஆர்.தாஸ் சிறையில் இருந்ததால், அந்த இடத்தில் உட்கார்ந்தவரும் அஜ்மல் கான்தான்.

இதற்கிடையே கல்லூரிக் கட்டடம் முடிந்தது. 1921 பிப்ரவரி 13-ல் அதைத் திறந்துவைத்தவர் மகாத்மா காந்தி. அடிக்கல் வைத்தது ஆங்கில அரசின் பிரதிநிதி, திறந்தது அந்த அரசை எதிர்த்தவர். ஐந்தே வருஷத்தில் இவ்வளவு தூரம்.

திறப்பு விழாவில் காந்தி என்ன சொன்னார்?

இங்கேதான் ஒரு திருப்பம். மேற்கத்திய மருத்துவத்தின் மீது காந்திக்குக் கடுமையான விமர்சனம் உண்டு. அதனால் விழாவில் ஹக்கீம்களையும் வைத்தியர்களையும் புகழ்ந்து தள்ளியிருப்பார் என்று நினைப்போம்.

அவர் அப்படிச் செய்யவில்லை. மேற்கத்திய விஞ்ஞானிகளிடம் இருக்கும் ஆராய்ச்சி வேகத்தைப் பாராட்டினார். அந்த வேகம் நம்முடைய வைத்தியர்களிடமும் ஹக்கீம்களிடமும் இல்லையே என்று வருத்தப்பட்டார். பழைய சூத்திரங்களைக் கேள்வி கேட்காமல் அப்படியே பின்பற்றுகிறார்கள் என்ற குறையையும் மேடையிலேயே சொன்னார்.

சங்கடமான பேச்சுதான். ஆனா அஜ்மல் கான் ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்ததும் இதுதான். நம் மருந்து வேலை செய்கிறது என்று நாமே சொல்லிக்கொண்டால் போதாது. எதனால் வேலை செய்கிறது என்று சோதித்துக் காட்ட வேண்டும். அதற்கு ஒரு ஆய்வுக்கூடம் வேண்டும், ஒரு வேதியியலாளர் வேண்டும்.

ஜெர்மனியிலிருந்து வந்த இளைஞர்

அவர் தேர்ந்தெடுத்த ஆள் சலீமுஸ்ஸமான் சித்திக்கி. 1897-ல் பிறந்தவர். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் 1927-ல் முனைவர் பட்டம் பெற்றவர். ஊர் திரும்பியதும் திப்பியா கல்லூரியில் ஆய்வுக்கூடம் அமைக்கும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது.

அந்த ஆய்வுக்கூடத்தின் பலனைப் பார்க்க அஜ்மல் கான் இல்லை. 1927 டிசம்பர் 29-ல் இறந்துபோனார். காரணம், இதயக் கோளாறு.

சித்திக்கி வேலையை நிறுத்தவில்லை. அவர் கையில் எடுத்தது சர்ப்பகந்தா என்ற செடியின் வேர். தூக்கமின்மை, மனக்கொதிப்பு, பாம்புக்கடி என்று பலவற்றுக்கு இந்திய வைத்தியத்தில் பல தலைமுறையாகப் பயன்பட்டது. அந்த வேரிலிருந்து பல ரசாயனங்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்து, 1931-ல் தன் சக ஆய்வாளரோடு சேர்ந்து வெளியிட்டார். அவற்றில் ஒன்றுக்கு, தன்னை நம்பி அழைத்த ஹக்கீமின் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார்.

இதயக் கோளாறால் இறந்த மனிதரின் பெயர் வைத்த அந்த ரசாயனம், இதயத் துடிப்பின் மீது வேலை செய்யும் மருந்து என்பது பிறகுதான் தெரியவந்தது.

சர்ப்பகந்தா கதை முடியவில்லை

அதே 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள், இந்த வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது, மனநோயாளிகளை அமைதிப்படுத்துகிறது என்று எழுதினார்கள். உலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை.

1949-ல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், உயர் ரத்த அழுத்தம் உள்ள 50 பேருக்கு இதைக் கொடுத்துப் பார்த்த முடிவுகளைப் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் அதே வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். ரத்த அழுத்தத்துக்கு நவீன மாத்திரைகள் வரத் தொடங்கிய அந்தக் காலத்தில் ரெசர்பின் முக்கியமான மருந்தாக இருந்தது.

சோதனை என்பது நல்லதை மட்டும் காட்டாது. ரெசர்பின் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு வருவதாகச் செய்திகள் வந்தன. பக்கவிளைவு குறைந்த மருந்துகள் வந்ததும் அதன் பயன்பாடு சுருங்கியது. இயற்கை மருந்து என்றால் பக்கவிளைவே இருக்காது என்ற நம்பிக்கைக்கும் சர்ப்பகந்தா ஒரு பதில்.

சரி, இதுக்கும் சென்னைக்கும் என்ன சம்பந்தம்?

அஜ்மல் கான் டெல்லியில் கல்லூரி கட்டிய அதே காலத்தில், இதே கேள்வி சென்னையிலும் ஓடிக்கொண்டிருந்தது. 1921-ல் சென்னை மாகாண அரசு, முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அதன் செயலாளர் கேப்டன் ஜி.சீனிவாசமூர்த்தி. மேற்கத்திய மருத்துவம் படித்து, ஆயுர்வேதத்திலும் ஈடுபாடு கொண்டவர். குழுவின் அறிக்கை 1923-ல் வந்தது. சித்தா, ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் பற்றிப் பேசியது.

அதன் தொடர்ச்சியாக 1925-ல் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. முதல்வர், சீனிவாசமூர்த்தி. மரபு மருத்துவத்தோடு நவீன மருத்துவப் பாடங்களும் கற்றுத்தரப்பட்டன. கீழ்ப்பாக்கத்தில் இயங்கிய அந்தப் பள்ளி, பிறகு கல்லூரியாக வளர்ந்தது. ஆனா மாணவர்களுக்கும் டாக்டர் பட்டத்தின் மீதுதான் ஆசை. கடைசியில் 1960-ல் அந்த இடத்தில் உருவானது முழுக்க நவீன மருத்துவம் கற்பிக்கும் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி.

லக்னோ ஹக்கீம்களின் பயத்தை ஞாபகத்தில் வைக்கச் சொன்னோமே? அது இதுதான். இரண்டையும் கலந்தால், பலம் உள்ளது மற்றொன்றை விழுங்கிவிடும்.

அப்போ அஜ்மல் கான் ஜெயித்தாரா, தோற்றாரா?

இரண்டு விதமாகவும் சொல்லலாம்.

அவர் கட்டிய ஆயுர்வேத, யுனானி திப்பியா கல்லூரி கரோல் பாக்கில் இன்றும் இயங்குகிறது. மரபு மருத்துவங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. 2014-ல் மத்திய அரசில் ஆயுஷ் என்று தனி அமைச்சகமே வந்தது. அவரது பிறந்தநாள் இப்போது யுனானி தினம்.

ஆனா இரு தரப்பும் ஒருவரை ஒருவர் நம்பிக் கைகோக்கும் நிலை இன்னும் வரவில்லை. 2020 நவம்பரில், ஆயுர்வேத முதுநிலை மருத்துவர்கள் குறிப்பிட்ட 58 வகை அறுவை சிகிச்சைகளைச் செய்யலாம் என்ற அறிவிப்பு வந்தபோது, இந்திய மருத்துவச் சங்கம் நாடு முழுக்கப் போராட்டம் நடத்தியது. வாதங்கள் ஏறக்குறைய அதே 1910-களின் வாதங்கள்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நவீன மருத்துவத்துக்குள் போனது சர்ப்பகந்தாவிலிருந்து எடுத்த ரசாயனம். நோயாளியின் உணவு, தூக்கம், மனநிலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் யுனானி முறை உள்ளே போகவில்லை. மருந்தை எடுத்துக்கொண்டு மருத்துவத்தை வாசலில் விட்டுவிட்டார்கள் என்று யுனானி மருத்துவர்கள் சொன்னால், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சோதனையில் தேறியதைத்தான் சேர்க்க முடியும் என்று டாக்டர்கள் சொன்னால், அதிலும் நியாயம் இருக்கிறது. காந்தி அன்று மேடையில் சொன்னதும் அதைத்தானே.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன?

இன்றைக்கும் நம்மில் பலர் காலையில் டாக்டர் தந்த பிபி மாத்திரை, ராத்திரி நாட்டு மருந்துக் கடை லேகியம் என்று இரண்டையும் சேர்த்தே சாப்பிடுகிறோம். ஆனா டாக்டரிடம் லேகியத்தைப் பற்றிச் சொல்வதில்லை, திட்டுவார் என்று பயம். வைத்தியரிடம் மாத்திரையைப் பற்றிச் சொல்வதில்லை. ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மூலிகையும் அதே வேலை செய்யும் மாத்திரையும் ஒன்றாகச் சேர்ந்தால், அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கலாம். எதைச் சாப்பிட்டாலும் இரண்டு பேரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

டெல்லிக்குத் தேடி வரும் நோயாளி அரசனோ ஆண்டியோ, காசு வாங்காமல் பார்ப்பார் அஜ்மல் கான் என்று சொல்வார்கள். அவருக்கு அறுவை சிகிச்சையில் சந்தேகம் வந்தால் கேட்பதற்குப் பக்கத்திலேயே அன்சாரி இருந்தார். நோயாளிக்கு எது நல்லது என்பதில் இரண்டு பேருக்கும் போட்டி இல்லை. சட்டமும் கல்லூரியும் நூறு வருஷமாகச் சேர்க்கத் திணறுவதை, அந்த இரண்டு நண்பர்கள் அன்றாட வாழ்க்கையில் செய்து காட்டிவிட்டார்கள்.